ஹெரால்டை விற்பதற்கு முன்

ராயல் ஓக், மிச்சிகன்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. நம் மெக்கானிக் அண்ணன் காலமான செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இறுக்கம், எது லூஸ் என்று சொல்லக்கூடிய மனுஷன். அவருக்கு அப்புறம் உன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை யார் பார்ப்பார்கள், முட்டியும் ஒத்துழைக்கவில்லை, கேட்டு வந்தவருக்கே கொடுத்துவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே எங்கள் ஷெட்டில் நடப்பதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்.

ஹாட் ராட், அதாவது பழைய காரை வெட்டி ஒட்டி மாற்றிக் கட்டும் எங்கள் பெரியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இருக்கிறார்கள். வியாழக்கிழமை காலையில் ஷெட்டுக்காரர் வீட்டில் கூடுகிறோம். அவர் டை மேக்கராக, அதாவது ஆலைகளுக்கு இரும்பு அச்சு செய்பவராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். பள்ளிக்கூடத்தில் ஆட்டோ ஷாப் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர், பஸ் ஓட்டியவர் ஒருவர், அப்புறம் நான். முதல் அரைமணி நேரம் கண்புரை, சர்க்கரை, யாருக்கு எந்த மாத்திரை மாறியது என்றுதான் பேச்சு. காபி தீர்ந்ததும் ஹீட்டரைப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்குவோம். மார்ச்சிலும் இங்கே குளிர் விடவில்லை. பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும், அது முழுவதும் மழையில் கழுவப்படும்வரை ஒருவரும் பழைய வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். அதனால் குளிர்காலம் முழுவதும் கை வேலைதான்.

ஷெட்டுக்காரரின் வண்டி 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே. அதன் சொந்த எஞ்சின் நாலு சிலிண்டர், 40 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு 1951 மெர்குரியின் பிளாட்ஹெட் வி8 எஞ்சினை, அதாவது வி வடிவில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சினை, உட்கார வைக்கிறார். 255 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 4.2 லிட்டர். நீ ஃபவுண்டரியில் காலம் தள்ளியவன், உனக்கு இதைச் சொன்னால் பிடிக்கும். இந்த எஞ்சினில் வால்வுகள் மேல்மூடியான ஹெட்டில் இல்லை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகை வெளியே வர வேண்டுமென்றால் பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தின் நடுவே, சிலிண்டர்களுக்கு இடையில் நுழைந்து வர வேண்டும். ஒரு பக்கத்தில் நாலு சிலிண்டர், ஆனால் புகை போக மூன்றே வழி. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே வழி. அந்தச் சூடெல்லாம் தண்ணீரில்தான் இறங்கும். பிளாட்ஹெட் கொதிக்கிறது என்று எல்லாரும் புலம்புவதற்கும், வால்வு வந்து உட்காரும் சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கமாக விரிசல் ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

இத்தனை குறை இருந்தும் அந்த எஞ்சினை நான் கும்பிடத் தயார். வி8 எஞ்சினின் இரண்டு பக்கத்தையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக, சாதாரண ஜனங்கள் வாங்கும் விலைக்குள், 1932-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வி8 என்றால் பெரும்பாலும் பணக்காரர் வீட்டு வண்டியில்தான். முதல் வரைபடங்களை ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் ரகசியமாகப் போட்ட கட்டடம் இங்கே பக்கத்தில் டியர்பார்ன் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் இருக்கிறது. எடிசனின் ஃபோர்ட் மையர்ஸ் ஆய்வுக்கூடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார் ஃபோர்டு, அதற்குள்தான் வேலை நடந்தது. அப்புறம் ரூஜ் ஆலையில் வார்ப்பு. அந்தப் பிளாக்கின் உள்வழிகளுக்கான அச்சுகளை, கோர்களை, மண்ணில் செய்து, நகராமல் அடுக்கி, இரும்பை ஊற்றி, சரியாக வரும்வரை எத்தனை பிளாக்குகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

நாங்கள் வாங்கிய பிளாக் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. கழுவிக் காந்தம் வைத்து இரும்புத் தூளைத் தூவிப் பார்த்தோம். விரிசல் இருக்கும் இடத்தில் தூள் கோடு போட்டு நிற்கும். ஒரு வால்வு சீட்டுக்குப் பக்கத்தில் கோடு தெரிந்தது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் பக்கத்தில் புதிதாக இன்னொரு விரிசல் விடும் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் விரிசலோடு ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி பின்களை இறுக்கி, மேலே சமமாக அரைத்துவிட்டார்கள். தைப்பது என்றுதான் இங்கே சொல்கிறார்கள். பிரஷர் வைத்துப் பார்த்தோம், ஒழுகவில்லை. ஷெட்டுக்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

இனி உன் முட்டி விஷயம். இங்கே யாருக்கும் முட்டி சரியாக இல்லை. ஆனால் அதற்காக யாரும் வண்டியைக் கொடுக்கவில்லை, வண்டியைத்தான் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றுகிறார்கள். பஸ் ஓட்டியவர் தன் 1940 ஃபோர்டில் மூன்று கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் போட்டுக்கொண்டார். வாத்தியாருக்குத் தோள்பட்டை வலி. அவர் சாட்டர்ன் வ்யூ என்ற வண்டியின் மின் ஸ்டியரிங்கைக் கழற்றித் தன் வண்டியின் டேஷுக்கு அடியில் மறைத்துப் பொருத்தியிருக்கிறார், வெளியே ஒன்றும் தெரியாது. சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து வேலை பார்ப்பதை எல்லாரும் விட்டாயிற்று. ஷெட்டில் இரண்டு தூண் லிஃப்ட் வந்ததிலிருந்து நின்றபடியேதான் வேலை. ஒரிஜினல் போய்விட்டதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஹாட் ராட் என்பதே பழைய வண்டியை வெட்டி ஒட்டித் தனக்கு வேண்டியபடி செய்துகொள்வதுதான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய கலிஃபோர்னியாப் பையன்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஓட்டியபோது ஒரிஜினலைப் பற்றியா கவலைப்பட்டார்கள்? 1948 ஜனவரியில் ஹாட் ராட் பத்திரிகை வந்தது, 1949-இல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புத் தரையில் முதல் ஸ்பீடு வீக் நடந்தது. அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. எங்கள் ஷெட்டில் இருப்பவர்கள் அந்தப் பத்திரிகையைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த அடுத்த தலைமுறை.

உன் ஹெரால்டை யோசித்துப் பார். வயசான ஆளுக்கென்றே செய்த வண்டி அது. பானட் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரையும் பிளக்கையும் பார்க்கலாம், குனிய வேண்டியதில்லை. சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி நாலு பையன்களைக் கூப்பிட்டுப் பாடியைத் தூக்கி வைத்துவிட்டால், சேஸிஸை இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டில் ஏற்றி நின்றபடியே பிரேக் பைப்பிலிருந்து சஸ்பென்ஷன்வரை முடித்துவிடலாம். பின்னால் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், எங்கள் மாடல் ஏ போலவே. வீட்டில் குழி வெட்டலாம் என்று எழுதியிருந்தாய், அது மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி கனமானது, குழியில் போய்த் தங்கும். கிளட்ச் மிதிக்கக் கஷ்டமாக இருந்தால் அதன் மாஸ்டர் சிலிண்டரை உள்விட்டம் ஒரு சைஸ் சின்னதாக இருப்பதாக மாற்று. மிதி லேசாகும், ஆனால் அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் முழுசாக விடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்று, அங்கே இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இங்கே 10 சதவீதத்துக்கே பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பிப் பிசுபிசுத்துப்போகின்றன. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடு. இதைத் தள்ளிப்போடாதே, தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

மெக்கானிக் அண்ணன் போனதோடு அவர் தலையில் இருந்ததும் போய்விட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் வியாழக்கிழமை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். போன வருஷம் எங்கள் கூட்டத்திலும் ஒருவர் போனார். அவருடையது 1934 பிக்கப், பாதி முடித்த நிலை. அவர் மனைவி எங்களைக் கூப்பிட்டார். எப்படி இருக்குமோ என்று தயங்கித்தான் போனோம். ஆனால் அந்த மனுஷன் ஒவ்வொரு டப்பாவின்மேலும் டேப் ஒட்டி எழுதி வைத்திருந்தார்: எந்த போல்ட், எங்கிருந்து கழற்றியது, எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது, ஏன். வயரிங் முழுவதையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கலர் பென்சிலால் வரைந்திருந்தார். ஒஹையோவிலிருந்து ஒரு இளைஞன் வந்து வண்டி, டப்பாக்கள், நோட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனான். அவ்வப்போது ஷெட்டுக்காரருக்குப் போன் செய்து சந்தேகம் கேட்கிறான். எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சாமான் பழைய இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும்.

அதிலிருந்து நாங்களும் எழுத ஆரம்பித்திருக்கிறோம். ஷெட்டுக்காரருக்கு எழுதப் பிடிக்காது, அதனால் அவர் பேசப் பேச நான் எழுதுகிறேன். கிராங்க் பேரிங்கை எவ்வளவு இடைவெளியில் வைப்பார், ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் இரண்டையும் எப்படி ஒரே அளவாக இழுக்க வைப்பார் என்று எல்லாமே. சமூகக் கல்லூரியில் வெல்டிங் படிக்கும் ஒரு பெண் இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறாள். வாத்தியாருக்குக் காது மந்தம், வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் அவருக்குக் கேட்பதில்லை. அவள் கேட்டுச் சொல்கிறாள், அவர் எங்கே திருக வேண்டும் என்று காட்டுகிறார். அவளுக்குப் பழைய வண்டியில் மின் மோட்டார் போட ஆசை. பஸ் ஓட்டியவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. 1955-இல் ஷெவர்லேயின் சிறிய வி8 வந்தபோது ஃபோர்டு வண்டிக்குள் அதைப் போடலாமா என்றும் இப்படித்தான் சண்டை போட்டிருப்பார்கள். அப்புறம் எல்லாரும் போட்டார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். வண்டியை விற்பதென்றால்கூட இப்போது விற்காதே. மெக்கானிக் அண்ணனிடம் வேலை பழகிய பையன் இன்னும் கோயம்புத்தூர் கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கிறான் என்றாயே, ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிடு. அண்ணன் உன் வண்டிக்கு என்னென்ன செய்தார் என்று உங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த லேத்தில் எந்தப் பாகம் கடைந்தது, சென்னை புதுப்பேட்டையில் எந்தக் கடையில் எது கிடைத்தது, அதெல்லாம் வேண்டும். சோழவரம் ரேஸில் ஹெரால்டுகள் ஓடியதை நாம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோமே, அன்றைக்கு அவர் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது, எனக்கு அது பாதிதான் நினைவிருக்கிறது. கதையும் கணக்கும் கலந்திருந்தால் பரவாயில்லை.

என் வீட்டில் உன் தங்கச்சி நலம். தோட்டத்தில் கறிவேப்பிலையைக் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளே வைத்துக் காப்பாற்றிவிட்டாள். பெரியவன் வேலை மாறி டெக்சாஸுக்குப் போகிறான். எனக்குக் கண் ஆபரேஷன் ஒன்று முடிந்தது, இன்னொன்று மே மாதம்.

ஆகஸ்டில் பேரனைப் பார்க்க நியூ ஜெர்சி வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் போடும்போது மூன்றாவது சனிக்கிழமைக்கு இங்கே இருக்கிற மாதிரி போடு. வுட்வர்டு அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் அன்றைக்குத்தான். 1995-இல் ஃபெர்ன்டேலில் குழந்தைகளுக்கு ஒரு கால்பந்து மைதானம் போடப் பணம் திரட்டுவதற்காக ஆரம்பித்தது, இப்போது பாண்டியாக் ஊர் வரைக்கும் ரோடு முழுக்கப் பழைய வண்டிகள். மாடல் ஏ அதற்குள் ஓடிவிடும் என்று ஷெட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். கூபேயில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். பக்கத்து சீட் உனக்கு என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஃபவுண்டரிக்காரர் என்றதும் உடனே சரி என்றுவிட்டார்.

அதற்கு முன்னால் சேஸிஸ் படம் நாலைந்து எடுத்து அனுப்பு. பாடியைத் தாங்கும் பக்கக் கைகளில் அடிப்பக்கம் துரு பிடித்திருக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு எங்கெங்கே உள்ளே போகிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுப் படம் எடு. உன் வீட்டில் என் தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி