சோடா டாங்க்

மினியாபொலிஸ்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். வேலை அதிகம் என்று சொன்னால் பொய். ஷிஃப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், ஓய்வு கிடைக்கிறது. குளிர் மைனஸ் 20. சாம்பார் பொடி இன்னும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பனியில் ரப்பர் செருப்போடு குப்பை போட வருவாரே, பக்கத்து வீட்டுப் பெரியவர், அவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். அம்மா பயப்பட வேண்டாம், நான் தொடுவதில்லை. இது கள்ளச்சாராயமும் இல்லை. கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது 1978-ல் கையெழுத்துப் போட்டு அனுமதித்தது.

அவர் பீர் நிரப்பி வைக்கும் எவர்சில்வர் டாங்கைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொன்றும் 19 லிட்டர். ஒரு காலத்தில் குளிர்பானக் கம்பெனிகள் பாகு நிரப்பிக் கடைகளுக்கு அனுப்பியவை. சோடா டாங்கேதான், அப்பா! கேஸ் குழாயும் பீர் குழாயும் மாட்டும் முனையில் இரண்டு வகை. பெப்சிக்காரர்கள் வைத்திருந்தது பால் லாக் (ball lock, குண்டு வைத்துப் பூட்டுவது), கோகோ கோலாக்காரர்கள் வைத்திருந்தது பின் லாக் (pin lock, முனையில் சின்னச் சின்னப் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும்). பெரியவரிடம் இருக்கும் நான்கும் பின் லாக். பாகங்கள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, விற்றுவிட்டு பால் லாக் வாங்கட்டுமா என்று கேட்டார். சோடாக்காரர் மகன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பால் லாக்கில் நியாயம் இருக்கிறது. புதிதாக வருவது பெரும்பாலும் அதுதான். முனையைச் சாதாரண ஸ்பானரில் கழற்றிவிடலாம். பின் லாக்குக்கு வெட்டு வைத்த தனி சாக்கெட் வேண்டும். ஆனால் பால் லாக்கில் கேஸ் முனையும் பீர் முனையும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி அழுத்திவிட்டால் சிக்கிக்கொள்ளும், உருவுவது பெரும்பாடு. பெரியவருக்குக் கண் மங்கல். பின் லாக்கில் கேஸுக்கு இரண்டு பின், பீருக்கு மூன்று. விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம், மாற்றி மாட்டவே முடியாது. குட்டை டாங்க் என்பதால் அவருடைய பழைய ஃப்ரிட்ஜிலும் நிற்கிறது. விற்காதீர்கள் என்றேன்.

மூடியில் கேஸைத் திறந்துவிடும் வால்வு மட்டும் இல்லை. வால்வு வைத்த மூடிகளை வாங்கி மாட்டினோம். ரப்பர் வளையங்களை மாற்றி, கேஸ் ஏற்றி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை.

கழற்றும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். அன்று இரவு தூக்கமே வரவில்லை, அப்பா. நீங்கள் சக்கரம் சுற்றுவது, கோலி வந்து கழுத்தை அடைப்பது, பன்னீர் சோடா வாசனை, நனைந்த சாக்கு. எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சக்கர மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சித்தப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். வாஷர் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். கடை இடத்தைப் பாகம் பிரிக்கும் பத்திரத்திலும் நான் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். இந்த மாதம் பணம் பாதிதான் வரும். பேங்கில் சின்னத் தாமதம். செல்வியின் நகைச்சீட்டுக்கு அதிலிருந்து முதலில் கட்டிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் வைகாசி என்றே சொல்லுங்கள், அதற்குள் மீதியை அனுப்பிவிடுவேன். மேலத்தெரு அத்தை வீட்டுப் பரணில் நம் கோலி பாட்டில்கள் நான்கு பெட்டி கிடக்கின்றன. அவற்றையும் எடுத்து வந்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்