சாத்தான் வேசத்துக்கு நான் ஓம் எண்டுட்டன் மச்சான்

மச்சான்,

இந்த வருசம் கோயில் பாடுகளின் நாடகத்தில சாத்தான் நான்தான். பாதர் கேட்டார், பொடியனுகள் ஒருத்தனும் முன்னுக்கு வாறானுகள் இல்ல, ஓம் எண்டுட்டன். 41 வயசில, இந்தத் தொப்பையோட. சிரி, பரவாயில்ல.

வாட்ஸப்பில நாலு தரம் எழுதி அழிச்சன். நீல டிக் விழுந்தும் பதில் போடாத ஆள் நீ, அதாலதான் இங்க போடுறன். இத நம்மட ஊராக்களும் வாசிப்பாங்க எண்டு தெரியும். அதால சில விசயத்துக்கு நான் சுத்தி வளைச்சுத்தான் போகோணும், நீயே விளங்கிக்கொள்.

ஓம் எண்டு சொன்ன நேரத்தில இருந்து எனக்கு அந்தப் பாண்தான் ஞாபகம் வருது.

2014 தவக்காலம், ஹோல்ல ரிகர்சல், வனாந்தரக் காட்சி. 40 நாள் சாப்பிடாத ஆளுக்கு முன்னால வந்து கல்ல அப்பமாக்கச் சொல்ற இடம். நீ சறத்தோட, வெள்ளச் சேட்டோட, கையில ஒரு ரோஸ் பாணோட வந்தாய். கொம்பு இல்ல, வால் இல்ல. வந்து யேசுவுக்குப் பக்கத்தில குந்தி இருந்து, பாணப் பிச்சு ஒரு துண்ட வாயில போட்டு மெண்டு முடிச்சுட்டுத்தான் வசனத்தத் தொடங்கினாய், அதுவும் யாரோ சொந்தக்காரன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டியா எண்டு கேக்கிற மாதிரி. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்கிற சூன் பாண் ஆட்டோ அப்பதான் கோயிலடியால போயிருந்தது, பாண் சூடு, ஹோல் முழுக்க வாசம். முன்னுக்கு நிலத்தில இருந்த ஒரு சின்னப் பொடி எழும்பி வந்து கைய நீட்டிட்டுது, எனக்கும் ஒண்டு தாங்க எண்டு. நீ வேசத்த விடாம, அதே சிரிப்போட ஒரு துண்டு பிச்சுக் குடுத்தாய்.

எனக்கு மயிர்க் கூச்செறிஞ்சது மச்சான். இத நான் உனக்குச் சொன்னதே இல்ல. சொல்லாம என்ன செஞ்சன் எண்டா எல்லாருக்கும் முன்னால எழும்பிக் கத்தினன். இதென்ன தேத்தண்ணிக் கடையா, சாத்தானா சோத்துப் பார்சலா எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ மிச்சப் பாண அந்தப் பொடியிட கையில குடுத்துட்டு வெளிய போனாய்.

அது எங்கயிருந்து வந்தது எண்டு எனக்கு அப்பவே தெரியும். ராபர்ட் டி நீரோ 1987இல 'ஏஞ்சல் ஹார்ட்' படத்தில பிசாசா வந்து அவிச்ச முட்டையத் தோலுரிக்கிற இடம். நீளமா வளத்த நகத்தால மெல்ல மெல்ல உரிச்சு, உப்புப் போட்டு, எதிர்ல இருக்கிறவனப் பாத்துக்கொண்டே கடிப்பார். நாம ரெண்டு பேரும் அந்த ஒரு இடத்த எத்தின தரம் திருப்பிப் போட்டுப் பாத்திருப்பம். பிசாசு பயமுறுத்தாது மச்சான், அது சாப்பிடும், நாம பாத்துக்கொண்டிருப்பம் எண்டு நீ சொன்னாய். நான் அப்ப 'லெஜெண்ட்' படத்தில பிசாசா வந்த டிம் கரியிட பக்கம், அந்தா பெரிய கொம்பும் சிவப்பு உடம்பும்தான் பிசாசு எனக்கு.

என்ட பக்கத்தையும் கேள். விடிய விடியக் கூத்துப் பாத்து வளந்தவன் நான், என்ட அப்பப்பா மத்தளம் அடிச்ச ஆள். அரக்கன் வரவு எண்டா மத்தளம் அதிரோணும், களரி குலுங்கோணும், கடைசி வரிசையில பாயில படுத்திருக்கிற கிழவியும் திடுக்கிட்டு எழும்போணும். டி நீரோவுக்குக் கமரா இருக்கு, முட்டைத் தோல் விரல்ல ஒட்டுறதையும் கிட்டக் கொண்டுவந்து காட்டும். நம்மட கோயில் வளவில வேப்பமரத்தடியில நிக்கிறவனுக்கு நீ பாண் தின்றதா தெரியும்? அல் பச்சீனோவும் 'த டெவில்ஸ் அட்வகேட்'டில பிசாசா வந்து படம் முழுக்கச் சிரிச்சுக் கதைச்சு, கடைசியில தொண்டை கிழியக் கத்தினவர்தானே. (அதிலயும் 'கான்ஸ்டன்டைன்'லயும் பிசாசுக்கு முன்னால மாட்டுப்படுறது ஒரே ஆள், கியானு ரீவ்ஸ். பாவம் அந்தாள்.)

சரி, இதெல்லாம் நியாயம் கதைக்கிறது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்தப் பொடி கைய நீட்டின நேரம் ஹோல்ல ஒருத்தரும் என்னப் பாக்கல.

பிறகு வேற ஒருத்தனுக்குக் கொம்பு கட்டி, சிவப்பு பல்ப் போட்டு விட்டன். பெரிய வெள்ளியண்டு கெத்செமனியில ஒரு பக்கக் கொம்பு கழண்டு விழுந்து, யேசு குனிஞ்சு எடுத்துக் குடுக்க வேண்டி வந்தது. சனம் சிரிச்சுது, விடு. ஆனா நீ மதில்ல இருந்து சிரிச்சாய். அவ்வளவு சனத்துக்குள்ளயும் உன்ட சிரிப்பு எனக்குத் தெரியும். அத நான் இன்னும் மறக்கல, மறக்கப்போறதும் இல்ல. மூண்டு கிழமையில கட்டார் போனாய், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல. என்ட டிவிடி எல்லாத்தையும் கொண்டு போனாய், யேசுவிட பாடுகளப் பத்தின மெல் கிப்சன்ட 'பேஷன்' உட்பட. அந்த டிவிடி நான் காசு குடுத்து வாங்கினது.

உன்ன ஊர்ல சாத்தான் எண்டு கூப்பிட வச்சதும் நான்தான் எண்டு உன்ட அம்மா நினைக்கிறா. மாமி, இத வாசிச்சா, தொடங்கினது நானில்ல, ஆனா நிப்பாட்டாம விட்டது நான்தான். அந்தப் பேரால உங்கட வீட்டில என்ன நடந்தது எண்டத இங்க எழுதமாட்டன், அந்த மற்றப் பக்கத்தாக்களும் இத வாசிக்கிறவங்க. நம்பியார் படம் படமா வில்லனா நடிச்சுட்டு வருசா வருசம் சபரிமலைக்குப் போனவர், சனம் குருசாமி எண்டுதான் கும்பிட்டுது. நம்மட ஊருக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒருத்தரும் அந்த வேசத்தப் பத்தியே கதைக்கல. அத இதோட விடுறன்.

2020 ஊரடங்கில சும்மா இருந்து 1926இல வந்த 'ஃபவுஸ்ட்' படம் பாத்தன், பிசாசு எமில் ஜானிங்ஸ். ஊருக்கு மேல மலை மாதிரி நிண்டு கறுப்புச் சால்வைய விரிப்பார், அதுக்குக் கீழ கொள்ளை நோய் பரவும். அப்ப நான் சொன்னதுதான் சரி எண்டு துள்ளினன். பாத்தா அதே ஆள் கொஞ்ச நேரத்தால ஒரு பொம்பிளைக்குக் கிட்ட இருந்து இளிச்சுக்கொண்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. அண்டைக்கே உனக்கு எழுதியிருக்கோணும், எழுதல.

'பேஷன்'ல சாத்தானா வந்த அந்த ரோசலிண்டா செலென்டானோவ நினைச்சுப் பார். பொம்பிளைக்குப் புருவத்த வழிச்சு, ஆம்பிளைக் குரல் குடுத்து, சனத்துக்குப் பின்னால சும்மா நடக்க விட்டிருப்பாங்க. நீ அப்பவே சொன்னாய், அது அடிக்கிறவனுக்குப் பக்கத்தில நிக்கல, பாத்துக்கொண்டு நிக்கிற நம்மளுக்குப் பக்கத்திலதான் நிக்குது எண்டு. உனக்கு 19 வயசு. எனக்கு அண்டைக்கு அது விளங்கல, எரிச்சல்தான் வந்தது.

கொம்பு வேணாம் எண்டு பாதருக்குச் சொல்லிட்டன். நாளண்டைக்கு ரிகர்சல், ரோஸ் பாண் சொல்லி வச்சிருக்கன். நேற்று வீட்டில கண்ணாடிக்கு முன்னால இருந்து பிச்சுப் பாத்தன், பசிச்சவன் தின்ற மாதிரித்தான் வருது, உன்ட மாதிரி வரல. நீ ஓரத்தில இருந்தா பிச்சாய், நடுவால ரெண்டாக்கியா? ஒரு வொய்ஸ் போடு. வேற ஒண்டும் கதைக்க வேணாம்.