பணம் கொடுத்தவர்களுக்காக ஓடாதே, பாப்பா

பாப்பா,

லடாக்கில் இருக்கிற லேவுக்குப் போய் 42 கிலோமீட்டர் ஓடப் போகிறேன், அதை வைத்து தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பணம் திரட்டப் போகிறேன் என்று போனில் சொன்னாயே, அப்போது அம்மா பக்கத்திலேயே நின்றதால் நான் அதிகம் பேசவில்லை. கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது, கூடவே பயமும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், எழுதினால் திரும்ப ஒருமுறை படிப்பாய்.

நீ எடுத்த காரியம் நல்ல காரியம். மேட்டுத் தெருவில் புளி உலுக்க ஏறி விழுந்தானே அந்தத் தம்பி, போன வாரம் அவன் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் சக்கர நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பை மேலே தூக்குவான், கொஞ்ச நேரம் கையிலேயே தாங்கியிருப்பான், பிறகு மெல்ல இறக்குவான், பேச்சு மட்டும் அறுந்து போகாது. கால் மணிக்கு ஒருமுறை இப்படி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் அழுத்தம் தெரியாது, தெரியாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சதை அழுகிப் புண்ணாகிவிடும், அந்தப் புண்ணில்தான் பலர் உயிர் போகிறது. அதனால் பணம் கேட்கும்போது "உதவி செய்யுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதே. உட்காரும் மெத்தை, மாதா மாதம் வாங்க வேண்டிய சிறுநீர்க் குழாய், நாற்காலி நுழைகிற அளவுக்குக் குளியலறைக் கதவை அகலப்படுத்தும் செலவு என்று பெயர் சொல்லிக் கேள். நாற்காலி தரப் பலர் வருவார்கள், மெத்தையை யாரும் நினைப்பதில்லை.

இந்த வேலூரில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வந்ததற்கு அவர்தான் முதல் காரணம். எங்கெங்கிருந்தோ, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

சரி, இனி மலைக்கு வருகிறேன்.

லே 11,500 அடி. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உனக்குக் கிடைப்பது இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வயசு, உடற்பயிற்சி, ஓட்டப் பழக்கம் எதுவும் அதிலிருந்து காப்பாற்றாது, இதை நீ நம்ப மாட்டாய் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். எல்லைச் சாலை அமைப்பு அங்கே ஒரு போர்டு வைத்திருக்கும், லாமாக்களின் பூமியில் காமா பயில்வான் மாதிரி நடந்துகொள்ளாதே என்று. ராணுவத்தில் 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை உடம்பு பழக ஆறு நாள் கட்டாயம். முதல் இரண்டு நாள் ஓய்வு, அடுத்த இரண்டு நாள் சமதரையில் மெதுவான நடை, கடைசி இரண்டு நாளில்தான் சின்ன ஏற்றம். இருபது வயசுப் பையன்களுக்கே இதுதான் சட்டம். நீ டெல்லியிலிருந்து விமானத்தில் போய் இறங்கி மூன்றாம் நாள் ஓடலாம் என்று லீவு கணக்குப் போட்டிருந்தால் அதைக் கிழித்துப் போடு. பத்து நாளாவது கேள். முடிந்தால் ஸ்ரீநகரிலிருந்து தரை வழியாகப் போய், கார்கிலில் ஓர் இரவு தங்கிப் போ, அது 8,800 அடி, உடம்புக்கு ஒரு படி கிடைக்கும். மணாலி வழி வேண்டாம், அதில் லேவை விட ரொம்ப உயரமான கணவாய்களைத் தாண்ட வேண்டும்.

பட்டாளத்தில் என்னோடு மேல் போஸ்டில் ஒரு பையன் இருந்தான், பட்டாலியன் ஃபுட்பால் டீமில் ஆடியவன். போன மறுநாளே இருமல். வெளியே சொன்னால் கேவலம் என்று மறைத்துவிட்டான். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், டார்ச் அடித்துப் பார்த்தால் உதடு நீலம், துப்பினதில் ரத்தம் கலந்த நுரை. ஆக்ஸிஜன் கொடுத்து, இருட்டிலேயே வண்டியில் வைத்துக் கீழே இறக்கினோம். இறக்கினதால்தான் பிழைத்தான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம், அவை அடங்கும் வரை மேலே ஏறக்கூடாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் கால் தடுமாறினாலோ அதற்கு மேல் யோசனையே கிடையாது, உடனே டாக்டர், உடனே இறக்கம். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி இங்கேயே டாக்டரிடம் கேள், சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் சேர்த்துக் கேள். அதைப் போட்டுக்கொண்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதே.

இப்போது நான் முக்கியமாக எழுத வந்தது. இத்தனை பேர் என்னை நம்பிப் பணம் கொடுத்தார்களே, பாதியில் நின்றால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் முப்பதாவது கிலோமீட்டரில் உனக்கு வரும். அந்தப் பாதையில் சிந்து நதிப் பக்கம் இறங்கிவிட்டு, கால் ஓய்ந்த நேரத்தில் மறுபடி லேவுக்கு ஏற வேண்டும், அந்த ஏற்றத்தில் நிச்சயம் வரும். அவர்கள் கொடுத்தது அந்தத் தம்பியின் மெத்தைக்கு, நீ முடிவுக் கோட்டைத் தொடுவதற்கு இல்லை. இதை ஓடுவதற்கு முன்னாலேயே எழுத்தில் சொல்லிவிடு: நான் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பணம் போய்ச் சேரும், யாருக்கும் திரும்பி வராது என்று. அப்படிச் சொல்லிவிட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்பாய்.

அதோடு இன்னொன்று, விமானம், தங்கும் அறை, ஷூ, நுழைவுக் கட்டணம் எல்லாம் உன் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும், திரட்டின பணத்தில் ஒரு டீ கூடக் குடிக்கக்கூடாது. உன் சொந்தக் கணக்குக்கும் பணம் வர வேண்டாம், நேராக மறுவாழ்வு நிலையத்தின் கணக்குக்கே போகட்டும், அவர்களே ரசீது கொடுக்கட்டும். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கேட்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, அதையும் சொல்லிவிடு.

பயிற்சிக்கு ஏலகிரி போ, 14 கொண்டை ஊசி வளைவும் காலுக்கு நல்லது. ஆனால் அது 3,600 அடிதான், மூச்சுக்கு அது பயிற்சி ஆகாது. நம் வெயிலில் வியர்வையைப் பார்த்துத் தண்ணி குடித்துப் பழகியவள் நீ, அங்கே வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் குடி, வெறும் தண்ணியாக இல்லாமல் உப்பும் சேர்த்துக் குடி.

பணம் கேட்கும் செய்தியை எழுதி முதலில் எனக்கு அனுப்பு. நம் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கே இருக்கிறது, அந்தக் குளிரில் நின்றவர்களிடம் நானே நேரில் போய்க் கேட்கிறேன். இந்த மாத பென்ஷன் வந்ததும் முதல் தொகை என்னுடையது. அம்மாவிடம் நீயே பேசு, 11,500 அடி என்பதை மறைக்காமல் சொல்லிப் பேசு.

அப்பா