மெஷின் வந்தா மட்டும் போதுமா, அத ஓட்டுறவங்களுக்கு யாரு தொண?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

மலையக ஆஸ்பத்திரிகளுக்கு நவீன லெப் மெஷின் வேணும்னு போன கிழமை உங்க பத்திரிகைல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. அவரு கேட்டது நியாயம்தான், நானும் கேக்குறேன். ஆனா 22 வருஷமா ஆஸ்பத்திரி லெப்ல எம்எல்டியா, அதாவது ரத்தம் மாதிரி சாமான டெஸ்ட் செஞ்சு குடுக்குறவளா நிக்கிறவ நான், அதுக்கு மேல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும்னு தோணுது.

சில வருஷத்துக்கு முன்னுக்கு நான் வேல செஞ்ச ஒரு ஆஸ்பத்திரில, தோட்டத்து அம்மா ஒருத்தவங்களுக்கு மாசம் தெகயாம ஒரு புள்ள பொறந்துச்சு. அட்ரீனல் சுரப்பில பொறவிக் கோளாறு இருக்குமோன்னு டொக்டர் சந்தேகப்பட்டு 17-ஹைட்ரொக்சி ப்ரொஜெஸ்டரோன்ங்குற ஹார்மோன் டெஸ்ட் கேட்டாரு, நாங்க ரத்தத்த ஐஸ் பெட்டில வச்சு கொழும்புக்கு அனுப்பினோம், ரிப்போர்ட் வர ரெண்டு கிழமைக்கு மேல ஆச்சு, வந்ததுல ரொம்ப கூட இருக்குன்னு போட்டிருந்துச்சு. அந்த வியாதி உண்மையா இருந்தா மொத ரெண்டு மூணு கிழமைக்குள்ளயே உப்பு கொறஞ்சு புள்ள செத்தும் போகலாம், அதனால ஒடனே மருந்து தொடங்கினாங்க. பொறகு அதே புள்ளையோட ரத்தம் வெளிநாட்டுக்குப் போயி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ங்குற, மூலக்கூறோட எடைய அளக்குற மெஷின்ல பாத்தப்போ நோர்மல். அந்த அம்மா ரெண்டு தாளையும் கையில வச்சுக்கிட்டு, "மிஸ், மொதல்ல இருக்குன்னீங்க, இப்ப இல்லங்குறீங்க, நான் எந்தத் தாள நம்புறது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட அன்னைக்கு பதில் இல்ல.

இப்ப பதில் தெரியும். மொத டெஸ்ட் ஆன்டிபொடின்னு, தேடுற பொருள ஒட்டிப் புடிக்கிற ஒரு புரதத்த வச்சு செய்யிறது. அந்த ஆன்டிபொடி குறிப்பிட்ட ஹார்மோன மட்டும் புடிக்கணும், ஆனா மாசம் தெகயாத புள்ளைங்க ரத்தத்துல அட்ரீனல் சுரப்பி விடுற வேற ஸ்டீரொய்டுகளும் நெறய ஓடும், சாயல் ஒண்ணா இருக்குறதால அதையும் சேத்துப் புடிச்சு கணக்க ஏத்திவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேற மாதிரி. மூலக்கூறுக்கு மின்னேத்தம் குடுத்து, அதோட எடைய பாத்து பிரிச்சு, அப்புறம் அத ஒடச்சு, ஒடஞ்ச துண்டோட எடையையும் பாக்கும். ரத்தத்துல உள்ள மாதிரி சாமான இப்படி மின்னேத்தி மெஷினுக்குள்ள அனுப்புற வழிய உருவாக்குனதுக்குத்தான் ஜோன் ஃபென்னுக்கு 2002ல நோபல் பரிசுல பங்கு கெடச்சுச்சு.

அப்ப அந்த மெஷின வாங்கினா முடிஞ்சுதுன்னு நெனைப்பீங்க. இல்லங்க. விட்டமின் டியவே எடுங்க. ஒரு வயசுக்கு கொறஞ்ச புள்ளைங்க ரத்தத்துல விட்டமின் டியோட எபிமர்னு ஒண்ணு இருக்கும், எடை அப்பிடியே ஒண்ணுதான், வடிவத்துல மட்டும் சின்ன வித்தியாசம். எடைய மட்டும் பாக்குற மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மெஷினுக்கு முன்னுக்கு இருக்குற கொலம்ங்குற பிரிக்கிற குழாய்ல பிரிச்சு அனுப்பலன்னா விட்டமின் கொறஞ்ச புள்ளைக்கும் போதுமானது இருக்குன்னு ரிப்போர்ட் போகும். இது 2006லதான் ஆராய்ச்சியில வெளிய வந்துச்சு. மெஷின் விக்கிற கொம்பனி ரெண்டு நாள் வந்து பட்டன் காட்டிட்டு போயிரும், இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுப்பா?

வெளிநாட்டுல அதுக்குன்னே சங்கம் வச்சிருக்காங்க. எம்எஸ்ஏசிஎல்னு ஒண்ணு, ஆஸ்பத்திரி லெப்ல மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஓட்டுறவங்களுக்காகவே அமெரிக்காவுல தொடங்கினது, ஐரோப்பாவுல சால்ஸ்பர்க்லயும் கூடியிருக்காங்க. மாநாட்டுக்கு முன்னுக்கு சின்ன சின்ன கோர்ஸ் நடத்துறாங்க, இதுவரைக்கும் அந்த மெஷின தொடாதவங்களுக்கு அடிப்படைல இருந்து, பழகினவங்களுக்கு புது டெஸ்ட் எப்பிடி உருவாக்குறது, அது சரியா வேல செய்யுதான்னு எப்பிடி நிரூபிக்கிறதுன்னு. இளம் ஆய்வாளர்களுக்கு வந்து போக பயணக் காசும் குடுத்திருக்காங்க. அவங்க சஞ்சிகைய யாரும் காசு கட்டாம படிக்கலாம், நான் நைட் டியூட்டில ஃபோன்ல படிக்கிறது அதத்தான். எனக்கு அதுல பெரிசா தெரியிறது, புரொபசரும் மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளும் ஒரே எடத்துல ஒக்காந்து பேசுறதுதான்.

நம்ம ஊருக்கு இது எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. 2015ல கிளைபொசேட்ட தடை செஞ்ச பொறகு தோட்டங்கள்ல வேற களைகொல்லி அடிச்சாங்க, 2018 வாக்குல நம்ம தேயிலைல எம்சிபிஏங்குற களைகொல்லியோட எச்சம் இருக்குன்னு ஜப்பான்காரன் கேள்வி கேட்டான், நாடே பதறிச்சு. அந்த மாதிரி எச்சத்த பெரும்பாலும் இதே வகை மெஷின்லதான் அளக்குறது. கொழுந்துல இருக்குற துளிய கண்டுபுடிக்க மெஷின் தேவைன்னா, அந்தக் கொழுந்த பறிச்ச கை பெத்த புள்ளைக்கும் தேவைதானே ஐயா? புள்ள பொறந்து ரெண்டு மூணு நாள்ல குதிகால்ல குத்தி ஃபில்டர் பேப்பர்ல நாலு சொட்டு எடுத்து காய வச்சா போதும், ஐஸ் பெட்டி வேணாம், சாதாரண கவர்லயே அனுப்பலாம், அதுல ஒரு சின்ன வட்டம் வெட்டி டேண்டம் மெஷின்ல, அதாவது நான் மேல சொன்ன மாதிரி ஒடச்சு ரெண்டு தடவ எடை பாக்குற மெஷின்ல போட்டா டசன் கணக்குல பொறவி நோய்கள ஒரே தடவைல தேடலாம். மலைப்பாத சறுக்கி ரோட் மூடுற ஊருக்கு இத விட பொருத்தமான டெஸ்ட் எனக்குத் தெரியல.

கஷ்டம் இல்லன்னு சொல்லல. அந்த மெஷினுக்கு நைட்ரஜன் நிக்காம வரணும், உள்ளுக்கு வெற்றிடம் எப்பவும் இருக்கணும், கரண்ட் போயி பம்ப் நின்னா மறுபடி பழைய நெலைக்கு கொண்டு வர மணிக்கணக்கா ஆகும், ஒரு நாளும் போகலாம். 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டுல, இடி மழை காலத்துல இங்க என்ன நெலமன்னு சொல்லத் தேவையில்ல. இந்த மாதிரி சிக்கல அனுபவிச்சவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கத்தான் சங்கம் வேணுங்குறேன்.

1941ல இருந்து இரசாயன அறிஞர்களுக்கு நம்ம நாட்டுல ஒரு நிறுவகம் இருக்கு, இரசாயன நோயியல் டொக்டர்மாருக்கும் கல்லூரி இருக்கு. அவங்க சேந்து இந்த மெஷின் பாவிக்கிறவங்க, இனி பாவிக்கப் போறவங்க எல்லாருக்கும் ஒரு சின்ன குழு தொடங்கணும். மொத கூட்டத்த கொழும்புல வைக்காம கண்டில வைங்க, பேராதனை கெம்பஸ் பக்கத்துலயே இருக்கு. பாதி நாளாவது தமிழ்ல நடத்துங்க, நுவரெலியா, பதுளை, ஹட்டன் எம்எல்டிமாருக்கு டியூட்டி லீவோட கடிதம் அனுப்புங்க. ஹட்டன்ல இருந்து விடியக்கால பஸ் இருக்கு, அந்த அம்மா கையில வச்சிருந்த ரெண்டு ரிப்போர்ட்டோட கொப்பியையும், பேரை அழிச்சிட்டு, நான் எடுத்துக்கிட்டு வாறேன்.

இப்படிக்கு,
ஒரு எம்எல்டி,
ஹட்டன்.