முதல் மானை யார் வெட்டுவது

அன்புள்ள மகளுக்கு,

வேட்டை உரிமம் கைக்கு வந்துவிட்டது, சீசன் தொடங்கியதும் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதைவிடக் கடைசி வரியில் நீ கேட்டிருந்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: மான் கிடைத்தால் நானே வெட்டட்டுமா, இல்லை கசாப்புக்காரரிடம் காசு கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளட்டுமா? அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டதும் சரிதான். இந்த வீட்டில் சுடுவது மட்டும்தான் அவர் வேலை, மான் வாசலுக்கு வந்தபிறகு எல்லாம் என் கை.

நீயே வெட்டு. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், உன் கூட்டாளிகள் சொல்லும் காரணமாக இருக்காது. காசு மிச்சம், சொந்தக் கையால் செய்த திருப்தி என்று அவர்கள் அடுக்குவார்கள். காசு மிச்சம் என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஏனென்றால் கத்தி, பெட்டி, உறை, அரைக்கும் இயந்திரம், உன் இரண்டு நாள் விடுமுறை என்று எல்லாவற்றையும் சேர்த்தால் முதல் ஓரிரு வருடம் கணக்கு இடிக்கும். நான் சொல்வது வேறு: கசாப்புக்காரரிடம் நீ கொடுக்கிற காசு பெரும்பாலும் அவருடைய குளிர் அறைக்கும் இடத்துக்கும்தான் போகிறது. கைத்திறமை என்பது அதில் ஒரு சின்னப் பங்கு. அந்தக் குளிரும் இடமும் உன்னிடம் இருந்தால் நீ கொடுக்க வேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை, இல்லாவிட்டால் தயங்காமல் கொடு. அவ்வளவுதான் என் கணக்கு.

அதனால் கத்தியை வாங்குவதற்கு முன்னால் குளிரைப் பற்றி யோசி. சுட்ட நிமிடத்தில் மானின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சூடு தொடைக்குள்ளே, இடுப்பு மூட்டைச் சுற்றித்தான் கடைசிவரை தங்கும், தோலும் ரோமமும் போர்த்திக்கொண்டிருப்பதால் வெளியே கை வைத்தால் ஜில்லென்று இருக்கும், உள்ளே வெதுவெதுப்பாகவே கிடக்கும். கறி கெட ஆரம்பிக்கிற இடமும் அதுதான். குடலை உடனே எடுத்துவிட்டு, வயிற்றைக் குச்சி வைத்து விரித்து, காற்று உள்ளே புகும்படி விட வேண்டும். ஒரு நாளுக்குள் எலும்போரம்வரை 4 டிகிரிக்கு இறங்கிவிட வேண்டும். இரவில் குளிர்கிற காலம் என்றால் நிழலான கொட்டகையில் தொங்கவிட்டாலே போதும். பகலில் 10 டிகிரிக்கு மேல் ஏறுகிறது, உன்னிடம் பெரிய குளிர்பெட்டி எதுவும் இல்லை, அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறாய் என்றால் வீம்பு பிடிக்காதே, நேராகக் கடைக்குக் கொண்டு போ. அப்படிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கெட்டுப்போன கறியை எவ்வளவு திறமையான கசாப்புக்காரரும் நல்லதாக்க முடியாது, அதை மட்டும் ஞாபகம் வை, ஏனென்றால் "கடையில் கொடுத்தேன், கறி வீச்சம் அடிக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் மானைச் சூட்டோடு வண்டியில் ஏற்றி நாள் முழுக்க ஊர்வலம் காட்டியவர்கள்.

குளிரவை என்றதும் அவசரப்பட்டு இன்னொரு எல்லைக்கும் போய்விடாதே. சுட்டு இரண்டு மணி நேரத்தில் எலும்பிலிருந்து கறியைக் கழற்றி ஐஸில் புதைத்தால் தசை சுருண்டு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். தசை விறைத்து முடிவதற்குள் அதை 10 டிகிரிக்குக் கீழே தள்ளினால் இப்படித்தான் இழுத்துக்கொள்ளும். எலும்போடு இருக்கும்போது எலும்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் சுருங்க முடியாது. ஆகவே முழு உடம்பாகவோ, முடியாவிட்டால் கால்களை மட்டும் பிரித்து எலும்போடோ குளிரவை. விறைப்பு வந்து, மெதுவாக விட, ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதற்கப்புறம் 0 முதல் 4 டிகிரிக்குள் நாலைந்து நாள் தொங்கினால் தசைக்குள் இருக்கும் நொதிகளே நாரை வெட்டிக் கறியை இளக்கிவிடும். வயசான கிடா மான் என்றால் ஒரு வாரம், பத்து நாள்கூட விடலாம். கடையில் சீசன் நேரத்தில் இது நடக்காது. வரிசையாக மான்கள் குவிந்து கிடக்கும்போது உன்னுடையதை மட்டும் ஒரு வாரம் தொங்கவிட அவருக்கு இடமேது? வந்த அன்றோ மறுநாளோ வெட்டிப் பொட்டலம் கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் நிலைமை அது.

சரி, வெட்டுவதற்கு வருவோம். நீ பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. கைரம்பமோ மின்ரம்பமோ தேவையே இல்லை. ஆறு அங்குலத்தில் மெல்லிய, கொஞ்சம் வளைகிற கத்தி ஒன்று, சாணைக்கல் ஒன்று, துணி நிறைய. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், கூர்க்கத்தி இல்லை. முதலில் முன்கால். முன்கால் சப்பை எலும்பு மற்ற எலும்புக்கூட்டோடு எந்த மூட்டாலும் இணைந்திருக்காது, வெறும் தசைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு விலாவை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் முழுதாகக் கையோடு வந்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா" என்பார்கள். பின்தொடை இடுப்பில் உருண்டை மூட்டாக மாட்டியிருக்கும். அந்த உருண்டையைத் தேடிக் கண்டுபிடித்து நடுவில் இருக்கும் நாரை அறுத்தால் கழன்றுவிடும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் முதுகுக்கறியை எலும்பை உரசிக்கொண்டே கத்தியை விட்டு எடு. வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பின் அடியில் இன்னும் இரண்டு சின்னக் கறித்துண்டு இருக்கும், அதுதான் முழு மானிலும் மெத்தென்ற இடம், அதை ஃப்ரீசருக்கு அனுப்பாதே, அன்றே சாப்பிட்டுவிடு.

தொடையைக் குறுக்காக ரம்பம் போட்டு அறுப்பது கடைப் பழக்கம், வேகத்துக்காகச் செய்வது. நீ அப்படிச் செய்யாதே. ஒவ்வொரு தசையும் அடுத்த தசையிலிருந்து மெல்லிய வெள்ளைச் சவ்வால் பிரிந்திருக்கும், விரலை நுழைத்தாலே வழி காட்டும், கத்திக்கு வேலை குறைவு. அப்படித் தசை தசையாகப் பிரித்தால் எது வதக்கலுக்கு, எது மெதுவாக வேக வைப்பதற்கு என்று கையே சொல்லும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற கறியைப் பலர் நாய்க்குப் போடுகிறார்கள், அநியாயம். நார் நிறைந்த அந்த இடம்தான் மூன்று, நாலு மணி நேரம் சிறுதீயில் கிடந்தால் பசையாக உருகி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும்.

மான் கொழுப்பை இரக்கமில்லாமல் வெட்டி எறி. ஆட்டுக் கொழுப்பைப் போல நினைக்காதே. ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும், ஃப்ரீசரில் கிடந்தாலும் சிக்குப்பிடித்துப்போகும். "மான் கறி காட்டு வாடை அடிக்கும்" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கொழுப்பின் குணம்தான். தொடைக்குள்ளும் சப்பைக்கு முன்னாலும் கொழுப்புக்குள் புதைந்து சாம்பல் நிறத்தில் அவரைக்கொட்டை அளவில் நிணநீர்க் கட்டிகள் இருக்கும், அவற்றையும் எடுத்துவிடு. பின்காலில் வெளியே தெரியும் வாசனைச் சுரப்பியைத் தொட்ட கையோடு கறியைத் தொடாதே. ஈரலை எடுக்கும்போது பித்தப்பை உடைந்துவிடுமோ என்று நடுங்க வேண்டாம், மானுக்குப் பித்தப்பையே கிடையாது.

எவ்வளவு தேறும் என்று நினைக்கிறாய்? 60 கிலோ மான் என்றால் குடலெல்லாம் போக 45 கிலோவை ஒட்டி நிற்கும். தலை, தோல், கால், எலும்பு, குண்டு பட்டு நசுங்கிய இடம் எல்லாம் கழித்து சுத்தமான கறி 20லிருந்து 24 கிலோவுக்குள் வந்தால் நன்றாக வெட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம், கடையிலிருந்து கறி வாங்கிவந்த பலர் "பாதியைத் திருடிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போவார்கள், கணக்குப் பார்த்தால் திருட்டு எதுவும் இருக்காது. ஆனால் மாறிப்போவது நடக்கும். எங்களுக்கே ஒரு கடையில் நடந்தது: அப்பா கொண்டுபோனது இளம் பெண் மான், திரும்பி வந்த பொட்டலங்களைப் பிரித்தால் கிழட்டுக் கிடாவின் கறி, கேட்டதற்கு "எல்லாம் மான்தானே அம்மா" என்றார்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். முதுகையும் தொடையையும் வீட்டில் வெட்டிக்கொள், கொத்துக்கறிக்கு உள்ளதை மட்டும் கடையில் அரைக்கக் கொடு என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். நான் அதற்கு நேர் எதிர். கடையில் கொடுப்பதானால் தொடையைக் கொடு, அரைப்பதை மட்டும் வீட்டை விட்டு வெளியே விடாதே. முழுத் துண்டாக இருந்தால் அது யாருடைய மான் என்று ஓரளவாவது தெரியும், அரைத்தபிறகு பத்துப் பேர் மானும் ஒரே தொட்டியில்தான். அதோடு குண்டுத் துகளும். ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறினால் கண்ணுக்கே தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாண், சில சமயம் ஒரு முழம் தள்ளிக்கூடப் போய்ப் பதியும். 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக வேட்டைக்காரர்கள் தானம் செய்த அரைத்த மான்கறியில் ஈயத் துகள் இருந்தது தெரிந்து, அதை எறிந்துவிடும்படி மாநில சுகாதாரத் துறையே சொன்னது. அப்புறம் அங்கே 700க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வேட்டைக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆபத்தான அளவு இல்லை. பெரியவர்களுக்கு அது சரி. உன் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான், குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று எந்த அளவும் கிடையாது. காயத்தைச் சுற்றி தாராளமாக வெட்டி எறிகிற மனசு, அது உன் மானாக இருந்தால் உனக்கு வரும், கிலோ கணக்கில் வேலை செய்கிறவருக்கு ஏன் வர வேண்டும்? முடிந்தால் செம்புக் குண்டையே வாங்கு, இந்தப் பேச்சே வராது.

அரைக்கும்போது கறி பாதி உறைந்திருக்கட்டும், இயந்திரத்தின் தகடும் திருகும்கூட ஃப்ரீசரில் கிடந்து வரட்டும். இளகிய கறியை அரைத்தால் நசுங்கிக் கூழாகும்.

நோய் விஷயம் ஒன்று. மான்களுக்கு உடல் உருக்கி நோய் என்று ஒன்று உண்டு. 1967இல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் பார்த்தார்கள், இப்போது வட அமெரிக்காவில் பல இடங்களில் பரவியிருக்கிறது, நார்வேயில் 2016இல் தெரிந்தது. மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் வேக வைத்தால் அழியாத வகை என்பதால் நோய் உள்ள மானைத் தின்ன வேண்டாம் என்கிறார்கள். நீ வேட்டையாடும் பகுதியில் அது இருந்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை பொட்டலங்களைத் தொடாதே. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல் எதுவும் வேண்டாம். நான் சொன்னபடி மூட்டில் கழற்றி எலும்பு நீக்கி வெட்டினால் முதுகெலும்பைப் பிளக்க வேண்டியதே இல்லை, கடையில் ரம்பம் ஓடும்போது அந்த உத்தரவாதம் கிடையாது. கடையில் கொடுத்தால் "என் மானைத் தனியாக வெட்டித் தருவீர்களா" என்று முதலிலேயே கேள், முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

எப்போது நானே கடைக்குப் போகிறேன் என்று கேட்டால், வெயில் காலம், காட்டெருமை மாதிரி பெரிய உடம்பு, அப்புறம் உப்பு நைட்ரைட் சேர்த்துப் புகை போடும் தொத்திறைச்சி. நைட்ரைட்டை அளவு தப்பிப் போட்டால் விஷம், அது பழகியவர்கள் கையில் இருக்கட்டும். காட்டுப்பன்றி கிடைத்தால் யார் வெட்டினாலும் உள்ளே 71 டிகிரி வரும்வரை வேக வை, உறைய வைத்தால் கறிக்குள் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு செத்துவிடும் என்பது காட்டு விலங்குக்கு நம்பக்கூடியதில்லை.

வெட்டத் தொடங்கும் முன் உன் பகுதி விதிகளைப் படி, சில இடங்களில் சோதனைச் சாவடியில் காட்டும்வரை அடையாளச் சீட்டையோ ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பையோ உடம்பிலிருந்து பிரிக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள். மருமகனைப் பொட்டலம் கட்ட வை, காற்றுப் போகாமல் அழுத்திக் கட்டச் சொல், எந்தத் தசை, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றிலும் எழுதச் சொல், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து எல்லாமே சிவப்புக் கட்டிதான்.

நம் பழைய அரைக்கும் இயந்திரத்தை அனுப்பட்டுமா? கைப்பிடி மாடல்தான், ஒரு மானுக்கு அது தாராளம். அப்பா புதிதாக மின்சாரத்தில் ஓடுவதை வாங்கித் தருவேன் என்கிறார், அவரிடம் சரி என்று சொல்லிவிடாதே, அந்தக் காசுக்கு இன்னொரு குளிர்பெட்டி வாங்கச் சொல்கிறேன்.

அம்மா