ஈக்வலைசர் கிட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பாட்டின் ஒலியைப் பத்து அதிர்வெண் பகுதிகளாக (பேண்ட்) ஏற்றி இறக்க உதவும் உங்கள் ஸ்டீரியோ ஈக்வலைசர் கிட்டைப் பற்றி இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் "சோல்டரிங்கைச் சரிபாருங்கள்" என்ற ஒரே வரிதான் பதில். சரிபார்த்தேன், லென்ஸ் வைத்தே பார்த்தேன். கோளாறு உங்கள் போர்டில்.

பிளஸ் 15 வோல்ட் தரும் 7815, மைனஸ் 15 வோல்ட் தரும் 7915 ஆகிய இரண்டு ரெகுலேட்டர்களும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்; கால்கள்தான் வேறு. எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க வைத்தால், 7815-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். உங்கள் போர்டிலோ இரண்டுக்கும் ஒரே வரிசையில் தடம் ஓடுகிறது. கிட்டோடு வந்த சர்க்யூட் தாளும் 7915-ஐப் பற்றி "இதையும் அதேபோல் பொருத்தவும்" என்கிறது. சொன்னபடியே பொருத்தினேன். சுவிட்சைப் போட்ட சில நொடியில் கருகல் வாடை. தொட்டுப் பார்த்த விரல் நுனி கொப்பளித்துவிட்டது. நல்லவேளை, ஐசி சாக்கெட்டுகள் காலியாக இருந்தன. இல்லையென்றால் ஆறு டிஎல்074 ஆம்ப்ளிஃபையர் ஐசிகளும் என்ன ஆகியிருக்குமோ. கடைசியில் புது 7915 ஒன்று வாங்கி, முதலிரண்டு கால்களையும் வளைத்து, ஒன்றையொன்று தொடாதபடி இன்சுலேஷன் ஸ்லீவ் மாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கடத்திச் செருகிய பிறகுதான் மீட்டரில் மைனஸ் 15 வோல்ட்டைப் பார்த்தேன்.

நான் கேட்பது திருத்திய சர்க்யூட் தாள் ஒன்று. கிட் வாங்கிய எல்லோருக்கும் அதை அனுப்புங்கள்.

அந்தத் தாளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நகலுக்கு நகல் எடுத்ததில் புள்ளிகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 47 ஆகத் தெரிகிறது. நம்பிப் போட்டால் ஒரு கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர் 316 ஹெர்ட்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பாடகர் குரலைத் தூக்கப் போனால் அறையே உறுமும். புள்ளிக்குப் பதில் 4n7 என்று எழுதுவது வழக்கத்தில் உள்ளதுதானே? நாற்பது கெப்பாசிட்டர்களையும் ஒரே கவரில் கொட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பிரிக்கவே ஒரு மாலை போனது.

பெட்டியின் மேல்படத்துக்கு மட்டும் குறையே இல்லை. பளபளப்பான தாள், பல வண்ணம், இரண்டு ஓரத்து ஸ்லைடர்களும் உச்சியில் நின்று பல்லிளிக்கின்றன. 12 டெசிபல் ஏற்றினால் அந்தப் பேண்டில் ஆம்ப்ளிஃபையர் பதினாறு மடங்கு பவர் தர வேண்டும். படத்தைப் பார்த்து அப்படியே வைக்கிற புதியவரின் ட்வீட்டருக்கு (கீச்சொலி ஸ்பீக்கருக்கு) யார் பொறுப்பு? படம் பிடித்தவருக்குக் கொடுத்ததில் பாதியைப் பிழை பார்ப்பவருக்குக் கொடுத்திருக்கலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சரிசெய்த பிறகு கிட் அருமையாக வேலை செய்கிறது. என் அறையில் 125 ஹெர்ட்ஸ்தான் கொழகொழத்துக்கொண்டிருந்தது. அதை மூன்று டெசிபல் இறக்கினேன், மற்றவற்றை நடுவிலேயே விட்டேன். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி) தனியாகக் கேட்கிறது. இப்படியொரு சர்க்யூட்டை வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு ரெகுலேட்டரின் கால் தெரியாதா?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: திருத்திய தாளை அனுப்புங்கள். கையிருப்பில் உள்ள பெட்டிகளிலும் ஒன்றொன்று வையுங்கள். இந்த முறை சோல்டரிங்கைப் பற்றி மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்