கப்பல் அறைப் பணியாளருக்கு டிப்ஸ் எப்போது, எப்படிக் கொடுப்பது?

அன்புள்ள நண்பர் தணிகாசலம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தங்கை விசாலாட்சி கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டதையும், அந்த மகிழ்ச்சியில் நீங்கள் இருவரும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருப்பதையும் படித்து எங்கள் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் பகலில் வீடு அமைதியாகிவிட்டது. எனவே இந்தக் கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டுக்கு டிப்ஸ் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நாளே கொடுத்துவிட வேண்டும் என்று தங்கை சொல்வதாகவும், அதெல்லாம் பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள், தனியாக ஒன்றும் தேவையில்லை என்று உங்கள் மகன் சொல்வதாகவும், பில்லில் பிடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுத் தொகையையும் அந்தப் பணியாளரின் கையிலேயே கொடுப்பதுதான் நியாயம் என்று உங்களுக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் உங்கள் யோசனையைத்தான் நான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. என் அக்காள் மகன் இத்தகைய கப்பல்களில் ஸ்டூவர்டாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதப்போவதில் பாதி பயணியாகப் பார்த்தது. மறுபாதி அவன் சொல்லித் தெரிந்துகொண்டது.

முன்பெல்லாம் பயணத்தின் கடைசி மாலையில் கப்பல்காரர்களே அறைக்குச் சிறு உறைகளை அனுப்பிவைப்பார்கள். ஸ்டூவர்டுக்கு ஒன்று, உணவுக்கூடத்தில் பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று என்று பயணி தன் கையால் பணம் வைத்துக் கொடுப்பார். தினமும் ஒரே மேசை, ஒரே பணியாளர் என்று இருந்தவரை அது சரியாக நடந்தது. 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம், எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் வெவ்வேறு அளவில் அதைப் பின்பற்றினார்கள். நாளுக்கொரு மேசையில் உட்காரும் பயணி யாருக்கென்று உறை கொடுப்பார்? ஆகவே தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பயணியின் கப்பல் கணக்கில் தானாகவே ஏற்றிப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு பரவியது. இன்று அமெரிக்கச் சந்தையின் பெரிய கப்பல்களில் சாதாரணக் கேபினுக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. சூட் எனப்படும் பெரிய அறைகளுக்கு இன்னும் சில டாலர்கள் கூடும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இருவருக்கும் ஏழு இரவுகளுக்கு 252 டாலர் ஆகிறது. பயணச்சீட்டின் விலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் கடைசி நாள் கணக்குத் தாளைப் பார்த்து முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்தத் தொகையைக் கண்டுதான். முன்கூட்டியே செலுத்திவிட்டால் கடைசி நாளில் அந்தச் சுமை தெரியாது என்பதோடு, பயணத்துக்கு முன் கட்டணத்தை உயர்த்தினாலும் உயர்வு பொதுவாக உங்களைத் தொடாது.

இந்தத் தொகை உங்கள் ஸ்டூவர்டுக்கு மட்டும் போவதில்லை. பரிமாறுபவர்களும், பல கப்பல்களில் சலவைக்கூடத்திலும் சமையற்கட்டிலும் பயணிகளின் கண்ணில் படாமலேயே உழைப்பவர்களும் அதில் பங்கு பெறுகிறார்கள். விரிப்பை மாற்றுகிறவரை நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த விரிப்பைத் துவைத்து மடித்தவரைப் பயணம் முடியும்வரை பார்க்கப்போவதில்லை. பில்லில் பிடிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டூவர்டின் கையில் கொடுத்தால், அந்த இரண்டாமவரின் பங்கை நாம் எடுத்து முதலாமவருக்குக் கொடுப்பதாகவே ஆகும். அதிலும் அவருக்கு நன்மை உறுதியில்லை. பொதுத் தொகையை ரத்து செய்த பயணியிடமிருந்து பெறும் ரொக்கத்தைப் பணியாளர் பொதுநிதியில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. என் அக்காள் மகன் பணியாற்றிய கப்பலில், எந்தெந்த அறைக்காரர்கள் தொகையை நீக்கினார்கள் என்ற பட்டியல் மேற்பார்வையாளரின் கைக்கு வந்துவிடுமாம். நீங்கள் அன்போடு கொடுத்த பணத்தை அந்தப் பையன் கணக்குக் காட்டி ஒப்படைக்கும் நிலை வரலாம். காட்டாமல் வைத்துக்கொண்டால் அவனுடைய வேலைக்கே ஆபத்து. பொதுத் தொகையைச் செலுத்திய பயணி அதற்குமேல் தருவதுதான் முழுக்க முழுக்க அவனுடையது.

கம்பெனி தர வேண்டிய சம்பளத்தை நான் ஏன் தர வேண்டும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. எனக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஊதியத்தின் பெரும்பகுதியைப் பயணியின் தாராளத்தின்மீது சுமத்திவிட்டு, பயணச்சீட்டை மலிவாகக் காட்டும் தந்திரம்தான் இது. கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. பயணிகள் ஏறி இறங்கும் நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் பணியாளர்களைப் பொதுவாக எட்டுவதில்லை. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது. பெரிய சலுகைபோலத் தோன்றும் இதைத் திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் விதி மீறப்படவில்லை. ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். இடையில் வார விடுமுறை என்று முழுநாள் ஒன்று கிடைப்பது அரிது. ஆனால் இந்த முறையை எதிர்க்க விரும்புகிறவர் நிறுவனத்துக்கு எழுதலாம், அல்லது டிப்ஸையும் சேர்த்தே விலை சொல்லும் நிறுவனத்தில் பயணம் செய்யலாம். ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் நின்று தொகையை நீக்குகிறவர் நிறுவனத்துக்கு எந்த வலியும் கொடுப்பதில்லை.

சேர்த்தே விலை சொல்லும் நிறுவனங்கள் உண்டு என்பதால் உங்கள் பதிவுச் சீட்டைக் கவனமாகப் படித்துவிடுங்கள். சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற உயர்தரக் கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் தனித்தொகையை நிறுத்திவிட்டது. வேறு சில நிறுவனங்களில் அது நீக்கவே முடியாத சேவைக் கட்டணமாக இருக்கிறது. உங்கள் மகன் சொல்வது இத்தகைய கப்பல்களில் முழு உண்மை. மற்றவற்றில் முக்கால் உண்மை. மீதிக் கால் பங்கு கட்டாயமில்லை, விருப்பம்.

இனித் தங்கையின் கட்சிக்கு வருகிறேன். முதல் நாளே கொடுத்தால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. என் அக்காள் மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் பொறுப்பில் இருபதுக்குக் குறையாத அறைகள். பெருந்தொற்றுக்குப் பிறகு, காலையும் மாலையும் சுத்தம் செய்வதைப் பல கப்பல்களில் ஒருவேளையாகக் குறைத்தார்கள். கூடவே ஒருவருக்கான அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள் என்கிறான். முன்பணம் தந்த அறைக்கு வேறு விதமாக விரிப்பு விரிக்க அவனுக்கு நேரம் ஏது? முதல் நாள் பணம் கொடுப்பவர்களில் ஒரு சிலர் அதைச் சொல்லிக்காட்டி வாரம் முழுவதும் வேலை ஏவுவார்கள் என்றும், அத்தகைய அறையின் கதவைத் தட்டத் தயக்கமாக இருக்கும் என்றும் அவன் சொன்னதை மட்டும் தங்கையிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் முதல் நாளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. முழங்காலுக்காகக் கூடுதல் தலையணைகள், வலி வந்தால் ஒத்தடத்துக்கு நாள்தோறும் ஐஸ், இரவில் தடுமாறாதபடி நாற்காலியை நகர்த்தி வைப்பது என்று சில தேவைகள் இருக்கும். வழக்கத்துக்கு மேற்பட்ட வேலையைக் கேட்கும்போது, அறிமுகமாகும் அந்த முதல் மாலையிலேயே பத்தோ இருபதோ டாலரைக் கையில் கொடுத்து, இன்னின்னது வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்லிவிடுவது பொருத்தம். குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் வேண்டுமானால் அதை ஸ்டூவர்டிடம் கேட்கக் காத்திருக்காதீர்கள். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை.

முக்கியமான தொகைக்கு ஏற்ற நேரம் கடைசி மாலை. கடைசிக் காலை அல்ல. கடைசி இரவில் பெட்டிகளுக்குச் சீட்டு கட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். விடிந்ததும் எல்லோரையும் அறையைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அன்று பிற்பகலிலேயே அடுத்த கூட்டம் ஏறுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தன் பொறுப்பிலுள்ள எல்லா அறைகளின் விரிப்பையும் உரித்து, கழுவி, மறுபடி விரித்து முடிக்க வேண்டிய ஸ்டூவர்டை நடைபாதையில் நிறுத்தி நன்றியுரை ஆற்றுவது அவருக்குச் சிரமம். சில சமயம் அவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. முந்தைய மாலையில் அறைக்கு வரும்போதோ, நடைபாதையில் எதிர்ப்படும்போதோ பெயர் சொல்லி அழைத்துக் கொடுத்துவிடுங்கள். தொகைக்கு விதி கிடையாது. பொதுத் தொகைக்கு மேல், வார நீளப் பயணத்துக்கு ஓர் அறைக்கு 20 முதல் 50 டாலர் வரை பலர் தருகிறார்கள். நீங்கள் கேட்கப்போகும் கூடுதல் வேலைகளை நினைத்து 40 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. மனம் குளிர்ந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். உதவியாள் ஒருவர் கூட வந்தால் அவருக்குத் தனி உறை வேண்டும். பகிர்ந்துகொள்ளுங்கள் என்று மூத்தவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் இளையவருக்கு எவ்வளவு போகும் என்பது மூத்தவரின் மனதைப் பொறுத்தது.

மேசைமேல் வெறும் பணத்தை வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பயணியின் அறையில் கிடக்கும் ரொக்கத்தைத் தொட எந்தப் பணியாளரும் அஞ்சுவார். நேரில் பார்க்க முடியாவிட்டால் உறையில் அவர் பெயரை எழுதி, இரண்டு வரி நன்றியும் உங்கள் கையெழுத்தும் சேர்த்து வைத்தால், அது அவருக்கு உரியது என்பதற்கு அதுவே சாட்சி. நோட்டுகளாகவே கொடுங்கள், துறைமுகங்களில் மிஞ்சிய பல நாட்டு நாணயங்களைத் திரட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, ஆனால் வங்கிகளும் நாணய மாற்றுக் கடைகளும் வெளிநாட்டுச் சில்லறையைப் பெரும்பாலும் வாங்குவதில்லை. கப்பலுக்குள் எல்லாச் செலவும் அட்டையில் என்பதால், சிறு நோட்டுகளை ஏறுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வரவேற்பு மேசையில் மாற்றித் தருவார்கள்தான், ஆனால் கடைசி நாளில் அங்கே நிற்கும் வரிசையில் தங்கையின் முழங்காலைச் சோதிக்க வேண்டாம்.

அறைக்கு உணவு கொண்டுவருபவருக்கு அவ்வப்போது இரண்டு மூன்று டாலர் போதும். பானங்களின் பில்லில் 18 முதல் 20 சதவீதம் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு காலிக் கட்டமும் இருக்கும். கண்ணாடி போடாமல் கையெழுத்திடும் உங்கள் வழக்கத்தை அங்கே மட்டும் கைவிடுங்கள்.

சேவையில் குறை தெரிந்தால் இரண்டாம் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சரிசெய்ய அவகாசம் இருக்கும். கடைசி நாள்வரை பேசாமல் இருந்துவிட்டுத் தொகையைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் பயன் இல்லை, அந்தப் பணியாளருக்கும் என்ன தவறு என்று தெரியவராது. மனம் நிறைந்திருந்தால், பயணத்துக்குப் பின் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் ஸ்டூவர்டின் பெயரையும் அறை எண்ணையும் தவறாமல் குறிப்பிடுங்கள். பெயரோடு வரும் பாராட்டு அவருடைய பணிக் கோப்பில் சேர்ந்து, பதவி உயர்வின்போது எடுத்துப் பார்க்கப்படும் என்று அக்காள் மகன் சொல்கிறான். இதை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தை விட்டுவிடலாமா என்று உங்கள் மகன் கேட்பான். அவனிடம் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

எந்த நிறுவனத்தின் கப்பல் என்பதை நீங்கள் எழுதவில்லை. தெரிவித்தால், தொகை கட்டணத்தில் அடங்கியதா, முன்கூட்டிச் செலுத்தலாமா என்பதை அக்காள் மகனிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
ஞானசேகரன்